காலைத் தூக்கினால் நிற்கும் வண்டி

இரும்புலியூர்,
12-2-98

அன்புள்ள ரேணுவுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மா எழுதினால் வரி நேராக இருக்கும். என் வரி தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைகிற மாதிரி இருக்கும். அதை வைத்தே கண்டுபிடித்திருப்பாய்.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், அம்மா சொன்னால் இன்னும் கேவலமாகச் சொல்வாள். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு வடிவேலு மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. நம் வண்டிதான் மாப்பிள்ளை கார். பூ ஜோடனைக்காக மத்தியானமே ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, நானும் வெள்ளைப் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்கு அப்பா போல் நின்றேன்.

ஊர்வலம் என்றால் ஆள் நடக்கிற வேகம். ஆக்ஸிலேட்டரில் லேசாகக் கால் வைப்பது, எடுப்பது. எடுத்தபோதெல்லாம் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது. ஸ்டார்ட் செய்தேன், நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி நின்றது. தவில்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா டிரைவரே, மாப்ளைக்கு இஷ்டம் இல்லியா, காருக்கு இஷ்டம் இல்லியா?" என்றார். கூட்டம் சிரித்தது. கடைசியில் மாப்பிள்ளையே மாலையோடு இறங்கித் தன் காரைத் தானே தள்ளினான். வீடியோக்காரன் அதை விடாமல் பிடித்திருக்கிறான். பெண் வீட்டில் கேசட்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்களாம்.

கால் வைத்தால் வண்டி பறக்கிறது, குறையே இல்லை. காலைத் தூக்கினால்தான் மக்கர். மெக்கானிக் ஏசுபாதத்திடம் காட்டினேன். "கார்புரேட்டரா இருந்தா கழட்டி ஊதிக் குடுப்பேன்ணே. இது கம்ப்யூட்டரு. இத்த எங்க ஊதறது?" என்கிறான்.

தீபாவளிக்கு வந்தபோது, "இந்த வண்டி உங்களுக்குச் சரிப்படாதுப்பா" என்று தெருவே கேட்கச் சொன்னாய். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். நீ ஒரு நாள் முன்னதாகவே புனே கிளம்பிவிட்டாய். நீ சொன்னதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த விஷயத்தைக் கேட்க எனக்கு வேறு ஆள் கிடையாது.

அப்பா,
அப்பாதுரை

புனே,
21-2-98

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் கடைசி வரியாக ‘அப்பாவைக் கேட்டதாகச் சொல்’ என்று போட்டே பழகிவிட்டது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஹாஸ்டல் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். வண்டிக்குத்தான் என்று தெரிந்து நிம்மதியும் கோபமும் சேர்ந்து வந்தன.

பதிலுக்கு ‘ஏதோ’ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். "பேப்பரில் கார் ஓட்டுகிறவளுக்கு ரோட்டைப் பற்றி என்ன தெரியும்" என்று சொன்னீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது வண்டி. நீங்கள் காலை எடுத்தவுடன் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். ஓடுகிற வேகத்திலேயே வண்டி போகிறது, எதற்கு வீணாகப் பெட்ரோல் என்பது அதன் கணக்கு. இன்ஜின் சுற்று குறைந்து ஓர் அளவுக்கு வந்ததும் திரும்பக் கொடுக்கும். கொடுக்கத் தாமதமானால் வண்டி நின்றுவிடும். திடீரென்று கொடுத்தால் குலுக்கும். உங்களுடையது இரண்டும் செய்கிறது. எப்போது நிறுத்துவது, எப்போது கொடுப்பது என்ற எண்களெல்லாம் ஒரு சிப்பில் இருக்கின்றன. அந்த எண்களை மாற்றிப் பார்ப்பதுதான் இங்கே சோதனைக்கூடத்தில் என் வேலை. நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொரு விஷயம். கம்பெனியில் என்னை மூன்று வருஷம் ஜெர்மனிக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போக ஆசைதான். ஆனால் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கும்போது விமானம் ஏற எனக்கு மனம் வராது. போ என்றோ போகாதே என்றோ நீங்களே சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்டால், "அவர் வாயைத் திறக்க வைக்க என்னால ஆகாதுடி" என்கிறாள்.

ரேணு

இரும்புலியூர்,
3-3-98

அன்புள்ள ரேணுவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஏசுபாதத்துக்குப் படித்துக் காட்டினேன். பெட்ரோலை நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கிறது என்றதும், "நம்ம முனிசிபாலிட்டி தண்ணி மாரின்னு சொல்லுங்க" என்றான். புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன்.

நானும் கவனித்துப் பார்த்தேன். மூன்றாவது கியரில் வந்து காலை எடுத்தால், ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி இருக்கிறது. பிறகு முன்பக்கம் லேசாகக் குனிகிறது, யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. அதற்குப் பிறகு குலுக்கல். அதற்குப் பிறகு டாஷ்போர்டில் சிவப்பு விளக்கெல்லாம் எரிகிறது. எரிந்தால் ஆயிற்று, பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். தாம்பரத்தில் எனக்குப் புதிதாக நிறைய உறவு முறைகள் கிடைத்திருக்கின்றன.

சிப்பை மாற்ற முடியும் என்றால் மாற்றிக் கொடு. நீ படித்த படிப்பு வீட்டுக்கும் கொஞ்சம் வரட்டும்.

ஜெர்மனியைப் பற்றி எழுதியிருந்தாய். அங்கே குளிர் அதிகம் என்று எதிர்வீட்டுக் கஸ்தூரிரங்கன் சார் சொல்கிறார். நிற்க. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

அப்பா

புனே,
14-3-98

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெர்மனியில் குளிர் என்று எனக்கும் தெரியும்.

இத்துடன் ரிஜிஸ்தர் பார்சலில் சிப் வருகிறது. இங்கே உங்கள் வண்டி மாதிரியே ஒன்று இருக்கிறது. வேலை முடிந்த பிறகு எங்கள் ஆபீஸ் சாரிடம் கேட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தேன். சுற்று கீழே விழுவதற்கு முன்னாலேயே பெட்ரோல் வரும்படி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வரும்படி எண்களை மாற்றியிருக்கிறேன். காலை எடுத்தால் வண்டி பட்டுத்துணி நழுவுகிற மாதிரி போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சார், யாருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்றார். ஒரு பழைய டிரைவருக்கு என்றேன்.

ஏசுபாதம் அண்ணனிடம் சிப்பின் காலை வளைக்காமல் பொருத்தச் சொல்லுங்கள். ஒரு முனையில் சின்ன வெட்டு இருக்கும். பழைய சிப்பில் அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் வர வேண்டும்.

நான் கேட்டதற்கு ‘நிற்க’ என்று ஒரு சொல்லில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டீர்கள். அது பதில் இல்லை அப்பா.

ரேணு

இரும்புலியூர்,
28-3-98

அன்புள்ள ரேணுவுக்கு,

சிப் பொருத்தியாயிற்று. காலில் முள் எடுக்கிற இடுக்கியால் ஏசுபாதம் பழையதைப் பிடுங்கினான். பிடுங்கும்போது அவன் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. உன் அம்மா மட்டும், "பிரசவம் ஆயிடுச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. குலுக்கல் அடியோடு போய்விட்டது. ஆனால் நிற்பது நிற்கவில்லை. முன்பு குலுக்கிவிட்டு நிற்கும், இப்போது மரியாதையாக நிற்கிறது.

நேற்றுக் காலை கோவளத்திலிருந்து அங்காளம்மா வந்தது. நம் தெருவுக்கு மீன் கொண்டு வருமே, அதே அங்காளம்மாதான். மருமகளுக்குப் பெண் குழந்தை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும், ஆட்டோவில் தூக்கித் தூக்கிப் போடும் என்று நம் வண்டியைக் கேட்டது. பெருமையாகப் போனேன். கேளம்பாக்கம் கூட்ரோட்டில் மாடு குறுக்கே வந்தது, காலை எடுத்தேன், சத்தமே இல்லாமல் நின்றுவிட்டது. பின்னாலிருந்து அங்காளம்மா, "இன்னா நைனா, காரு தூங்கிடுச்சா? கொயந்தையே முழிச்சிக்கினு கீது!" என்றது. மருமகள் சிரித்தாள். பாவம், தையல் போட்டிருக்கிறது, சிரிக்க வைக்காதே என்று நானும் வண்டியைத் திட்டினேன்.

அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே கார் சவாரி கிடைத்துவிட்டது. வீட்டு வாசல் வரை கண்ணைத் திறந்து கூரைத் துணியையே பார்த்துக்கொண்டு வந்தது.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அப்பா

புனே,
6-4-98

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபம் இல்லை, அவமானமாக இருக்கிறது. அதே எண்களை இன்னொரு சிப்பில் ஏற்றி இங்கே மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நிற்கவே மாட்டேன் என்கிறது. ஆக, உங்கள் வண்டியில் மட்டும் ஏதோ நடக்கிறது. அல்லது உங்களிடம்.

ஒரு வேலை செய்யுங்கள். காலையில் சாவியைக் கையில் எடுப்பதிலிருந்து திரும்ப ஆணியில் மாட்டும் வரை ஒரு நாள் முழுவதும் வண்டியோடு என்னென்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். இது எல்லாரும் செய்வதுதானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். நான் ஓட்டுகிற வண்டியைத்தான் எனக்குத் தெரியும். நீங்கள் ஓட்டுகிற வண்டியைத் தெரியாது.

மற்றக் கேள்வியை இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. ஏப்ரல் பிறந்துவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ரேணு

இரும்புலியூர்,
12-4-98

அன்புள்ள ரேணுவுக்கு,

எழுதச் சொல்லிவிட்டாய், நான் நிறுத்த மாட்டேன். டீ போட்டு வைத்துக்கொண்டு படி.

காலையில் வண்டியை ஈரத்துணியால் துடைப்பேன். உன் அம்மா பானெட்டில் ஒரு சாமந்தி வைப்பாள். வண்டலூர் போவதற்குள் அது பறந்துவிடும், எங்கே விழுகிறது என்று நான் பார்த்ததே இல்லை. வண்டிக்குள் இருக்கிற கடிகாரம் கெட்டுப்போய்விட்டது. தினமும் காலையில் பன்னிரண்டிலிருந்தே ஆரம்பிக்கிறது. திருப்பி வைத்து அலுத்துவிட்டேன், இப்போது அதன் நேரத்தில் அது, என் நேரத்தில் நான்.

இந்த மாதம் எனக்கு வாடிக்கை கேளம்பாக்கம் பக்கம். வண்டலூர் தாண்டி இடது கைப்பக்கம் திரும்பிவிட்டால் ரோட்டில் ஆளே கிடையாது. பனி முழுக்கக் கலைந்திருக்காது. மலை பாதி தெரியும், பாதியை யாரோ அழித்துவிட்ட மாதிரி இருக்கும். ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று வட்டம் போட்டு இறங்கும். இறங்குவதற்கு முன்னால் அதன் சத்தம் திடீரென்று அடங்கும். ஓட்டுகிற பையன் காலை எடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். விமானத்தில் காலா கையா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

உப்பளம் வந்ததும் நானும் எடுத்துவிடுவேன். ரேணு, இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். காலை எடுத்த பிறகு வண்டி தன் பாட்டுக்குப் போகுமே, அந்தக் கொஞ்ச தூரம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் டிரைவர் ஆனேனோ என்று தோன்றும். இன்ஜின் சத்தம் அடங்கிவிடும், டயர் சத்தம் மட்டும். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதில் வானம். நடுவில் உப்பு குவித்து வைத்திருப்பார்கள். எது மேகம் எது உப்பு என்று தெரியாது. அந்த நேரத்தில் வண்டியை நான் ஓட்டவில்லை, யாருமே ஓட்டவில்லை. அதுவே எங்கேயோ அழைத்துக்கொண்டு போகிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்துத்தான் சிவப்பு விளக்கு எரியும், கனவில் எழுப்பிவிட்ட மாதிரி.

காலையில்தான் இந்த வம்பு. பகல் ஏற ஏறக் குறைகிறது. சாயங்காலம் ஆகிவிட்டால் வண்டி தங்கமாகப் போகிறது. கடல்காற்று பட்டுச் சரியாகிறது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டுவேன். ஒயரைத் திரும்பக் காலையில்தான் மாட்டுவது. கம்பெனியில் அம்பாசடர் ஓட்டிய காலத்துப் பழக்கம். பேட்டரி இறங்காது, திருடனும் எடுத்துக்கொண்டு போக முடியாது. மேனேஜர் என்னை ஒரே ஒரு தடவை பாராட்டினார் என்றால் அது இதற்காகத்தான். நம் வண்டிக்கும் ஒரு நாள் தவறவிட்டதில்லை. நாள் முழுக்க உழைக்கிறதே, அதற்கும் ஓய்வு வேண்டாமா?

அவ்வளவுதான். இதில் உனக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்பா

தந்தி
புனே, 17-4-98

பேட்டரி ஒயரைத் தொடாதீர்கள். கடிதம் வருகிறது. ரேணு.

புனே,
17-4-98

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் சத்தமாகப் படித்தேன், தமிழ் தெரியாதவர்களுக்கு நடுவில். ஒயர் வந்த இடத்தில் கத்தியே விட்டேன்.

கடிகாரம் கெடவில்லை அப்பா. கடல்காற்றும் இல்லை.

இந்த வண்டியின் கம்ப்யூட்டர் தினமும் கற்றுக்கொள்கிறது. காலை எடுத்தால் உங்கள் இன்ஜின் நிற்காமல் ஓட எவ்வளவு காற்று வேண்டும், எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்கிறது. புது இன்ஜினுக்கு ஒரு மாதிரி, அழுக்குப் பிடித்த இன்ஜினுக்கு வேறு மாதிரி. அந்த ஞாபகம் பேட்டரியில்தான் உயிரோடு இருக்கிறது. நீங்கள் ஒயரைக் கழற்றியதும் எல்லாம் போய்விடும். மறுநாள் காலையில் அது பிறந்த குழந்தை. கூரைத் துணியைப் பார்த்துக்கொண்டு வரும். உங்களோடு ஓடி ஓடிச் சாயங்காலத்துக்குள் கற்றுக்கொள்ளும். உடனே நீங்கள் ஓய்வு கொடுத்துவிடுவீர்கள். மாப்பிள்ளை அழைப்பு அன்று மத்தியானம் ஜோடனைக்கு நிறுத்தியபோதும் கழற்றியிருப்பீர்கள், சரிதானே?

தப்பு என்னுடையதும்தான். எடுத்த எடுப்பில் எண்களை மாற்றப் போனேன், ஓட்டுகிறவரைக் கேட்கவில்லை. உப்பளம் வரை படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பேப்பரில் அது இல்லை.

ரேணு

இரும்புலியூர்,
24-4-98

அன்புள்ள ரேணுவுக்கு,

இனிமேல் தந்தி அடிக்காதே. வாசலில் ‘தந்தி’ என்று குரல் கேட்டதும் உன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வண்டிக் கொட்டகையில் இருந்தேன். தெருவே கூடிவிட்டது. கஸ்தூரிரங்கன் சார் கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமிவிட்டு, எல்லாருக்கும் நடுவில் வாசித்தார். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. "பேட்டரி ஒயருக்கா தந்தி?" என்று அவர் கேட்க, உன் அம்மா அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு, "அப்பனுக்கேத்த பொண்ணு" என்று எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு எனக்கு டிபன் கிடையாது.

ஒயரைத் தொடவில்லை. பொழுது சாய்ந்தால் கை பரபரக்கிறது. ஸ்பேனரை அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் கொஞ்சம் தடுமாறியது. பிறகு நிற்கவே இல்லை. கடிகாரமும் சரியான நேரம் காட்டுகிறது. நேற்று உப்பளத்தில் காலை எடுத்தேன், மறுகோடி வரை போயிற்று. ஒரு சின்னக் குறை, காலை எடுத்த பிறகும் சொன்னது காதில் விழாத மாதிரி கொஞ்சம் தள்ளிக்கொண்டே போகிறது. பிரேக் போட வேண்டியிருக்கிறது. மைலேஜும் கொஞ்சம் குறைவுதான், நீ ஜெர்மனிக்குப் போய் வா, ஏசுபாதம் பிளக்கைத் துடைத்துப் பார்க்கலாம் என்கிறான். ஹார்னும் சரியில்லை.

கம்பளிச் சட்டை இங்கே வாங்காதே, அங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று சார் சொல்கிறார்.

அப்பா

புனே,
4-5-98

அன்புள்ள அப்பாவுக்கு,

மைலேஜுக்கும் ஹார்னுக்கும் நடுவில் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூனில் பத்து நாள் வீட்டுக்கு வருகிறேன். வண்டி தள்ளிக்கொண்டு போவது என் குறை. நின்றுவிடுமோ என்ற பயத்தில் பெட்ரோலை அதிகமாகக் கொடுத்துவிட்டேன். மடியில் வைக்கிற கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வருகிறேன். நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சரி செய்கிறேன்.

ரேணு

இரும்புலியூர்,
5-7-98

அன்புள்ள ரேணுவுக்கு,

சேர்ந்த விவரம் தெரிந்தது. அறை ஜன்னலிலிருந்து ரயில் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு அதில் ஒரு திருப்தி, இரும்புலியூர் மாதிரிதானே என்கிறாள்.

நேற்று அந்த ரோட்டில் தனியாகப் போனேன். அன்றைக்கு நீ மடியில் கம்ப்யூட்டரும், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு ஒயரும், வாயில் பேனா மூடியுமாக உட்கார்ந்திருந்தாய். பின் சீட்டில் அம்மா எலுமிச்சை சாதத் தூக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். "எடுங்கப்பா" என்பாய், எடுப்பேன். "வைங்க" என்பாய், வைப்பேன். நடுவில் ஏதோ இரண்டு எண்ணைத் தட்டுவாய். "இப்ப?" "இன்னும் கொஞ்சம் தள்ளுது." "இப்ப?" "இப்ப கொஞ்சம் சுணங்குது." இத்தனை வருஷத்தில் என் காலுக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு தடவை நான் பதிலே சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. உப்பளம் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. உனக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டரை மூடிவிட்டு நீயும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

வண்டி அப்படியே இருக்கிறது. அங்காளம்மா பேத்தியைத் தடுப்பூசிக்கு அழைத்துப் போனேன். "இன்னா நைனா, காருக்கு புத்தி வந்துடுச்சே" என்றது. என் பெண் கொடுத்த புத்தி என்று சொன்னேன். இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நீ எழுதியிருக்கிறாய், ஏர்போர்ட்டுக்குப் போகும்போது ஏன் அப்படி வாயே திறக்காமல் வந்தீர்கள் என்று. அன்றைக்கும் கேட்டாய். ரோட்டைப் பார்க்கிறேன்மா என்றேன். பம்பாய் விமானத்துக்கு நேரம் இருக்கிறது, மெதுவாகவே போங்கள் என்றாய். சானடோரியத்தில் சிவப்பு விழுந்தது, காலை எடுத்தேன். குரோம்பேட்டையில் பஸ் ஒன்று குறுக்கே வந்தது, எடுத்தேன். பல்லாவரத்தில் எடுத்தேன். இன்ஜின் ஓடுகிறதா என்றே தெரியாத மாதிரி ஓடியது. நீ தலையைச் சாய்த்து அதைக் கேட்டுவிட்டு உனக்குள் சிரித்துக்கொண்டாய். உன் வேலை, சிரிக்கலாம். வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, "பாஸ்போர்ட் இருக்கா?" என்றேன். "இருக்குப்பா" என்றாய். "பேனா?" என்றேன். அதுவும் இருக்கிறது என்றாய். போய்விட்டாய்.

அன்றைக்கு நான் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான் ரேணு. இரும்புலியூரிலிருந்து மீனம்பாக்கம் வரை, காலை எடுத்தபோதெல்லாம், இங்கேயாவது நின்றுவிடேன், இங்கேயாவது நின்றுவிடேன் என்று அந்த வண்டியைக் கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

அப்பா